வந்துகொண்டே இருப்பவர்கள்

சென்ற மாதம் ஓர் இரவு, பதினொன்றே கால் மணிக்கு ஒரு விபத்துச் செய்தி என் மேசைக்கு வந்தது. மேட்டுப்பாளையம் சாலையில் சரக்கு வேன் கவிழ்ந்து நான்கு பேர் இறந்திருந்தார்கள். மூன்று பேருக்குப் பெயர், வயது, ஊர், தகப்பனார் பெயர் எல்லாம் இருந்தன. ஒருவருக்கு எத்தனை குழந்தைகள் என்பதுகூட இருந்தது. நான்காவது ஆளை நிருபர் ஒரே வரியில் முடித்திருந்தார்: மற்றொருவர் வடமாநிலத் தொழிலாளி.

18 ஆண்டுகளாகச் செய்தி மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த வரியை எத்தனை நூறு முறை கை வைக்காமல் அனுப்பியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அன்று அனுப்ப மனம் வரவில்லை. நிருபரை அழைத்தேன். காவல் நிலையத்தில் கொடுத்த குறிப்பில் அவ்வளவுதான் இருந்தது என்றார். மருத்துவமனைப் பிணவறைக்குத் தொலைபேசி போட்டேன். அங்கிருந்த ஊழியர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பையனைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னார். இறந்தவருடன் ஒரே அறையில் தங்கியிருந்தவன். என் இந்தியைவிட அவனுடைய தமிழ் நன்றாக இருந்தது. பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னான். வயது 22. ஜார்க்கண்டில் கும்லா மாவட்டம். குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இரண்டு வருடமாக வேலை.

எல்லாம் சேர்த்து 12 நிமிடம் ஆனது. கடைசிப் பதிப்பில் நான்கு பெயர்களும் வந்தன. அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் வீட்டாரைக் கேட்காமல் இன்னொரு முறை அதை எடுத்துப் பயன்படுத்த எனக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறேன்.

தேயிலைத் தோட்டம் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குள் ஏதோ இறுகியது. அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் கோத்தகிரிப் பக்கத்தில் அரசுத் தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் பிறந்தவன். இந்தியா-இலங்கை ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவென்று தமிழ்நாடு அரசு உருவாக்கிய தோட்டங்கள் அவை. 1976இல் அதற்கென ஒரு கழகமே அமைந்தது; இன்று டான்டீ என்று எல்லோரும் அறிந்த பெயர். என் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, 1972இல் தன் 41ஆவது வயதில் அந்த மலைக்கு வந்து சேர்ந்தார். கையில் கொண்டு வந்த பொருள்களில் ஒன்று, கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டும் கயிறு. இந்தியாவில் கூடையை எப்படி மாட்டுவார்களோ தெரியாது, எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வந்ததாகச் சொல்வார்.

அவர் பிறந்தது இலங்கை மலைநாட்டில் ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். அப்பாயியோடு பிறந்தவர்கள் ஒரு தங்கை, ஒரு தம்பி. லயத்தின் ஒரே அறையில், ஒரே காம்பராவில் பிறந்து வளர்ந்த அந்த மூன்று பேருக்கும் பின்னால் என்ன பெயர் வைக்கப்பட்டது என்பதை நான் செய்தித்தாள் வேலைக்கு வந்த பிறகுதான் சேர்த்து வைத்துப் பார்த்தேன்.

அப்பாயி இந்தியக் குடியுரிமை பெற்றார். நீலகிரியில் அவருக்குச் 'சிலோன்காரி' என்று பெயர். அவருடைய தம்பிக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்தது. அவர் கடைசிவரை ஹட்டனிலேயே இருந்து, இலங்கை நாடாளுமன்றத் தேர்தல்களில் வாக்களித்து, அந்த மண்ணிலேயே அடக்கமானார். அந்த நாட்டின் மக்கள்தொகைக் கணக்கில் அவர் 'இந்தியத் தமிழர்'. 1911 கணக்கெடுப்பில் தொடங்கிய தனிப் பிரிவு அது. தங்கை, அதாவது என் சின்ன அப்பாயி, இந்தியக் குடியுரிமைக்கு எழுதிக்கொடுத்துவிட்டு முறை வருவதற்குக் காத்திருந்தார். 1977இல் தமிழர்கள்மீது நடந்த வன்முறையில் லயத்தைவிட்டு வெளியேறி வவுனியாவுக்குப் போனார்கள். 1984இல் இந்தியாவுக்குப் போகும் கப்பல் நின்றது. 1990இல் போர் மறுபடியும் மூண்டபோது படகில் இராமேசுவரம் வந்து இறங்கினார்கள். அன்றுமுதல் அவர் குடும்பம் 'அகதி'.

இந்தியக் குடிமகளுக்கு இலங்கையின் பெயர், இலங்கைக் குடிமகனுக்கு இந்தியாவின் பெயர், இரண்டுக்கும் இடையில் அகப்பட்டவருக்கு எந்த நாட்டின் பெயரும் இல்லை. மூவரும் பேசியது ஒரே தமிழ். மூவருக்கும் குலதெய்வம் துறையூர்ப் பக்கத்தில் ஒரே கோயில்.

பின்னணி தெரியாத இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1947 தேர்தலில் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர்கள் வாக்களித்தார்கள். இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. அடுத்த ஆண்டே, 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வாக்குரிமையும் போனது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமா பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது. இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்; 1974இல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்குப் பாதியாக அதுவும் பிரிக்கப்பட்டது. அவர்களில் ஒருவரையும் கேட்டுச் செய்யப்பட்ட கணக்கு அல்ல இது. சாக்கு மூட்டைகளைப் பங்கு போடுவதற்குக்கூட எடை பார்ப்பார்கள்.

அப்படி இந்தியாவின் பங்காக வந்தவர்களுக்கு அரசு கொடுத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. பத்திரிகைகளும் அதையே எழுதின. எங்கள் குடும்ப அட்டையிலும், எனக்குப் பள்ளி உதவித்தொகை கிடைக்கக் காரணமாயிருந்த சான்றிதழிலும் அதுதான். மரியாதையான சொல். தாயகம் இருக்கிறது, திரும்புதல் இருக்கிறது. வேறென்ன வேண்டும் என்று தோன்றும்.

அப்பாயி இந்தியாவைவிட்டு எங்கும் போனதில்லை. போனவர் அவருடைய தகப்பனார். 1920களில், தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் ஒரு கங்காணி கொடுத்த முன்பணத்துக்காகத் துறையூர்ப் பக்கத்திலிருந்து புறப்பட்டவர். அப்பாயிக்குத் தெரிந்த காடு, கோயில், ஆறு, சுடுகாடு எல்லாம் ஹட்டனைச் சுற்றி இருந்தவை. தலைமன்னாரில் கப்பலேறும் நாள்வரை அவர் கடலைப் பார்த்ததில்லை. ஒரு இடத்தை ஒருமுறையும் பார்த்திராத பெண் அங்கே எப்படித் 'திரும்ப' முடியும்? அந்த ஒரு வினைச்சொல்லில் அவருடைய 41 வருட வாழ்க்கை வெளியூர்ப் பயணமாகிவிட்டது. ஹட்டனில் அவர் பெற்று, அங்கேயே புதைத்துவிட்டு வந்த இரண்டு குழந்தைகளும் பயண வழியில் தொலைந்தவை ஆகிவிட்டன.

மலையிலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலை 'ஒப்பாரிக் கோச்சி' என்று அப்பாயி சொல்வார். அவர் மட்டும் அல்ல, அந்தத் தலைமுறையே அப்படித்தான் சொன்னது. ஒவ்வொரு நிலையத்திலும் வழியனுப்ப வந்தவர்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுவார்களாம். தாயகத்துக்குத் திரும்புகிறவர்களுக்கு யாராவது ஒப்பாரி வைப்பார்களா? மக்கள் தங்கள் பயணத்துக்குத் தாங்களே வைத்த பெயர் அது. அன்றைய பத்திரிகைகளில் இந்தப் பெயரைத் தேடினால் உங்களுக்கு எளிதில் கிடைக்காது. எனக்கு அது கிடைத்தது அப்பாயியின் வாயிலிருந்து.

அப்பா ஒரு செய்தித்தாள் நறுக்கைப் பல வருடம் பெட்டியில் வைத்திருந்தார். இராமேசுவரம் துறையில் 'இராமானுஜம்' கப்பலிலிருந்து ஆட்கள் இறங்கும் படம். தலைச்சுமையோடு ஒரு கூட்டம். படத்தின் கீழே இறங்கியவர்களின் எண்ணிக்கை இருந்தது, பெயர் ஒன்றுகூட இல்லை. அந்தக் கூட்டத்தில் தாங்கள் இல்லை என்று அப்பாவுக்குத் தெரியும். அது வேறு ஆண்டு, வேறு கப்பல்சுமை. எங்களை மாதிரி ஆட்கள் பேப்பரில் வந்திருக்கிறோமே என்று எடுத்து வைத்திருந்தார்.

பத்திரிகை வேலைக்கு வந்த பிறகு அந்தப் படம் என் கண்ணில் திரும்பத் திரும்பப் பட்டது. 1983க்குப் பிறகு, 1990இல், 2006இல். 2022 மார்ச்சில், இலங்கைப் பொருளாதாரம் சரிந்தபோது, தனுஷ்கோடிக்கு அப்பால் மணல்திட்டில் இறக்கிவிடப்பட்ட குடும்பங்களின் படம். கைக்குழந்தையோடு ஒரு தாய், நனைந்த மூட்டை, பின்னால் கடல். ஒவ்வொரு முறையும் நாங்களும் முதல் பக்கத்தில் போட்டோம். அந்தக் குடும்பங்கள் பிறகு எந்த முகாமில் இருக்கின்றன, பிள்ளைகள் எந்தப் பள்ளியில் சேர்ந்தார்கள் என்று யாரும் ஒரு நிருபரை அனுப்பவில்லை. நானும் யோசனை சொல்லவில்லை.

எங்களைப் பற்றி எழுதப்பட்டதில் பெரும்பகுதியைப் படித்துவிட்டு எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். அவற்றில் நாங்கள் எப்போதும் வந்துகொண்டே இருக்கிறோம். துறைமுகத்தில் நிற்கிறோம், படகிலிருந்து இறங்குகிறோம், வரிசையில் உட்கார்ந்திருக்கிறோம். எழுதுகிறவர் இரக்கம் உள்ளவராக இருந்தால் நாங்கள் அழுதுகொண்டே வருகிறோம். சந்தேகம் உள்ளவராக இருந்தால் ஊடுருவுகிறோம். வந்து சேர்ந்து, அடுப்பு மூட்டி, சண்டை போட்டு, சீட்டுப் பிடித்து, பிள்ளைக்குக் காது குத்தி, ஒரு ஊரில் பழைய ஆளாக மாறுவதை எழுத அநேகமாக யாரும் இருப்பதில்லை. வந்ததைத் தவிர வேறு எதுவும் செய்யாதவரை ஊர்க்காரர் என்று எப்படி ஒருவர் நினைப்பார்?

இதற்கு மண்டபம் முகாமைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது. அப்பாயியின் தகப்பனார் சிலோனுக்குப் போகும்போது நோய்த்தடுப்புக்காக மண்டபத்தில் அடைத்து வைக்கப்பட்டார். அம்மை குத்தி, சில நாள் வைத்திருந்து, பிறகுதான் தொழிலாளர்களைக் கப்பலேற்றினார்கள். அப்பாயி 1972இல் வந்து இறங்கியதும் கொண்டுபோகப்பட்டது அதே மண்டபம் முகாமுக்கு. அப்போது அது தாயகம் திரும்பியோருக்கான இடைத்தங்கல் முகாம். சின்ன அப்பாயியும் அவருடைய மகளும் 1990இல் பதிவு செய்யப்பட்டதும் அதே மண்டபத்தில். அப்போது அது அகதிகள் முகாம். ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறை ஒரே கொட்டகைகளுக்குள் மூன்று பெயர்களில் போய் வந்திருக்கிறது. பாம்பன் பாலத்தைப் பற்றியும், 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியைப் பற்றியும் ஆண்டுதோறும் சிறப்புப் பக்கம் போடுகிறோம். மண்டபம் முகாமின் இந்த நூறு ஆண்டைப் பற்றி அப்படி ஒரு பக்கத்தை நான் பார்த்ததில்லை.

இலக்கியம் இன்னும் ஆழமாகப் பார்த்திருக்க வேண்டும். சில இடங்களில் பார்த்தது. பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் வதைபட்ட பெண்களை நினைத்துப் பாரதி பாடியபோது, இங்கே பலருக்கும் அவர்கள் நினைவில் இருந்திருக்க மாட்டார்கள். 1930களில் புதுமைப்பித்தன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் களமாக வைத்து 'துன்பக்கேணி' எழுதினார். அந்தக் கோபம் எனக்கு இன்றும் சுடுகிறது. அவருக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது. ஆயினும் அந்தத் தலைப்பிலேயே என் சங்கடமும் இருக்கிறது. இங்கிருந்து பார்த்தால் தோட்டம் ஒரு கேணி. நம் ஊர் மனிதர்கள் போய் விழுகிற இடம். அந்தப் பார்வையில் ஊர் இந்தக் கரையில்தான் இருக்கிறது. விழுந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கேணியே ஊர் என்பதை இந்தக் கரை எழுத்து நெடுநாள் எண்ணிப் பார்க்கவில்லை.

அதை எண்ணிப் பார்த்தவர்கள் உள்ளே இருந்தவர்கள். சி. வி. வேலுப்பிள்ளை தலவாக்கலைப் பக்கத்து மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்தவர். கவிஞர். 1947இல் வென்ற அந்த ஏழு பேரில் ஒருவர். தன் மக்களின் வாக்கில் நாடாளுமன்றத்துக்குப் போய், அந்த வாக்கு பறிக்கப்படுவதை அதே நாடாளுமன்றத்தில் உட்கார்ந்து பார்த்தவர். தோட்டத்து நாட்டுப்பாடல்களைத் தேடித் தேடித் தொகுத்தார். மலைநாட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டில், ஒரு பெண் எதிர்மலையைக் காட்டி, அங்கேதான் என் அண்ணனைப் பறிகொடுத்தேன் என்கிறாள். ஆளைப் புதைத்த மண் அவளுக்கு ஊராகிவிட்டது என்று அந்தப் பாட்டை அப்பாயி பாடும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

தெளிவத்தை ஜோசப்பை நான் தாமதமாகத்தான் படித்தேன். 2013இல் அவருக்கு விஷ்ணுபுரம் விருது கிடைத்து இங்கே அவர் பெயர் பரவலாகப் பேசப்பட்ட பிறகு. பதுளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர், 2022இல் காலமானார். அவருடைய ஒரு கதையில் வளர்ந்த பிள்ளைகளோடு ஒற்றைக் காம்பராவில் இரவைக் கழிக்கும் கணவன் மனைவியின் தவிப்பு வருகிறது. அதைப் படித்துவிட்டு அப்பாவிடம் கொடுத்தேன். அப்பா முழுதும் படித்தார். புத்தகத்தை மூடிவிட்டு, காம்பரா பத்துக்குப் பன்னிரண்டுதான் இருக்கும் என்று மட்டும் சொன்னார். பிறகு வெளியே போய்த் திண்ணையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அப்பாவின் 60 வருட வாசிப்பில், தன் வீட்டுக்குள் நடந்ததை அச்சில் பார்த்தது அதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன். அந்தக் கதையில் யாரும் கப்பலில் வந்து இறங்கவில்லை. எல்லோரும் வீட்டில் இருக்கிறார்கள்.

சினிமாவைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. தமிழ்த் திரையில் இலங்கைத் தமிழர் என்றால் யாழ்ப்பாணத்துப் பேச்சு, அதுவும் பெரும்பாலும் தப்பும் தவறுமாக. மலைநாட்டுத் தோட்டங்களைச் சேர்ந்த மலையகத்தார் ஒருவர் வந்தாலும் அந்தப் பேச்சையே அவர் வாயில் வைத்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் பேசியது திருச்சிப் பேச்சு. பிரட்டு, கொந்தரப்பு, கவ்வாத்து, அரைப்பேர் என்று தோட்டத்துச் சொற்கள் அதில் கலந்திருக்கும்.

வசைச் சொற்களையும் சொல்லியாக வேண்டும். சட்டத்தைவிட அவை வேகமாகப் போய்ச் சேருகின்றன. இலங்கையில் அப்பாயிக்குக் 'கள்ளத்தோணி' என்று ஒரு பெயர் இருந்தது. தோணியையே பார்த்திராத பெண்ணுக்கு. சிங்களவர்கள் மட்டும் சொன்ன சொல் இல்லை அது, தமிழர்களும் சொன்னார்கள். வடக்கிலிருந்த தமிழர்கள் பலருக்கு நாங்கள் 'தோட்டக்காட்டான்'. இன்னொரு சொல் 'வடக்கத்தியான்'. யாழ்ப்பாணத்திலிருந்து பார்த்தால் இந்தியா வடக்கே இருக்கிறது. இந்தியாவிலிருந்து வந்த கூலித் தமிழன் வடக்கத்தியான்.

இந்தக் கடைசிச் சொல்லை முதன்முறை கேட்டபோது நான் கல்லூரி மாணவன். சிரித்துக்கொண்டே சின்ன அப்பாயி சொன்னார். வவுனியாவில் அவர் பிள்ளைகளைப் பள்ளியில் அப்படித்தான் கூப்பிட்டார்களாம். நானும் அன்று சிரித்தேன். இன்று கோவையில் பேருந்து நிலையத்திலும், என் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலும், எங்கள் அலுவலகத்துத் தேநீர்க் கடையிலும் 'வடக்கன்' என்ற சொல் புழங்குகிறது. டிக்கெட் இல்லாமல் ரயிலில் ஏறுகிறவன், பான்பராக் துப்புகிறவன், திருடுகிறவன் என்று ஒரே முகம் அதற்கு. அந்தக் குழுவில் அதை அனுப்புகிறவர்களில் பாதிப் பேர் சிலோன்காரர் வீட்டுப் பிள்ளைகள். எனக்குத் தொண்டை அடைக்கிறது. அவர்கள் கெட்டவர்கள் அல்ல. தங்களுக்கு முன்னால் அந்தச் சொல் யார் மேல் இருந்தது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. திருப்பூரிலும் கோவையிலும் ரயில் நிலையங்களில் கூட்டம் கூடியது. பொய் என்று உடனே எழுதினோம். நல்ல வேலைதான் செய்தோம், மாநிலத்தின் பெயரும் காப்பாற்றப்பட்டது. அந்த வாரத்தில் எங்கள் பக்கங்களில் எத்தனை தொழிலாளர்களின் பெயர் வந்தது என்று பிறகு ஒரு நாள் பழைய இதழ்களை எடுத்துப் பார்த்தேன். அதிகாரிகள் பெயர் இருந்தது, தொழிலதிபர்கள் பெயர் இருந்தது. தொழிலாளர்கள் 'வடமாநிலத்தவர்' ஆகவே இருந்தார்கள். ஜார்க்கண்டுக்கும் அசாமுக்கும் பீகாருக்கும் ஒரே பெயர். ஓராவோன் பழங்குடியைச் சேர்ந்த ஒரு பையனுக்கும் ஒரு போஜ்புரிக்காரருக்கும் ஒரே முகம். திருச்சிக்காரரையும் யாழ்ப்பாணத்தாரையும் மலையகத்தாரையும் 'சிலோன்' என்று ஒரே மூட்டையில் கட்டினார்களே, அதே கட்டு.

நீலகிரியிலும் வால்பாறையிலும் இன்று கொழுந்து பறிக்கும் கைகளில் பல, ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த கைகள். எங்கள் குடியிருப்பில் அப்பாயி இருந்த வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இப்போது அப்படி ஒரு குடும்பம் இருக்கிறது. அவர்களுடைய மூன்று வயதுக் குழந்தை அப்பாவைத் 'தாத்தா' என்று கூப்பிடுகிறது. கோத்தகிரியில் பிறந்த குழந்தை. அதையும் ஒருநாள் யாராவது 'வந்தவர்' என்று எழுதுவார்கள்.

பெயர் மாற்றுவதால் எதுவும் மாறாது என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2021இல் தமிழ்நாடு அரசு 'இலங்கை அகதிகள் முகாம்' என்பதை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. அந்தச் செய்திக்குத் தலைப்பு வைத்தவன் நான். மறுநாள் திருச்சியிலிருந்து அத்தை, சின்ன அப்பாயியின் மகள், தொலைபேசியில் அழைத்தார். முகாம் பலகையில் பெயர் எழுதுகிறவன் ஏணி போட்டு நிற்கிறான், பிள்ளைகள் எல்லாம் வேடிக்கை பார்க்கிறார்கள் என்றார். குரலில் மகிழ்ச்சி இருந்தது. நானும் மகிழ்ந்தேன். இலங்கையில் 'மலையகத் தமிழர்' என்று தங்களைத் தாங்களே அழைத்துக்கொள்ள அந்த மக்கள் பல பத்தாண்டுகள் போராடியதையும் மதிக்கிறேன். 2023இல், தங்கள் முன்னோர் வந்து 200 ஆண்டு ஆனதை ஒட்டி அவர்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். காப்பித் தோட்டங்களுக்குப் போன முதல் கூட்டங்கள் காட்டு வழியில் நடந்து, பாதிவழியில் செத்து விழுந்த அதே தடம். ஹட்டன் தாத்தாவின், அதாவது அப்பாயியுடைய தம்பியின், பேத்தி கடைசி இரண்டு நாள் அந்த நடையில் சேர்ந்துகொண்டாள். படம் அனுப்பியிருந்தாள். கால் கொப்புளம், பின்னால் மாத்தளை. வருகையைப் பற்றிய படம்தான் அதுவும். ஆனால் அதை எடுத்தவள் அவள், அதற்கு விளக்கம் எழுதியவளும் அவள்.

பலகைக்குக் கீழே சட்டம் அப்படியே இருக்கிறது. அத்தை 1966இல் ஹட்டனில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர்கள். அவர் மகள் 1993இல் திருச்சியில் பிறந்தாள். 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடிமகள். அதற்குப் பின் என்றால் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். ஆறு வருடம் பிந்திப் பிறந்துவிட்டாள். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் வரை போய்க் கடவுச்சீட்டு வாங்கி, 2024 மக்களவைத் தேர்தலில் முதன்முறை வாக்களித்தபோது எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. அவர் பெயரோடு எழுதின, அது எனக்கு நிறைவாக இருந்தது. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் என்று மூன்று நாடுகளைச் சொல்கிறது. இலங்கை அதில் இல்லை. 2003 திருத்தத்துக்குப் பிறகு, உரிய ஆவணம் இல்லாமல் படகில் வந்த அத்தைக்குச் சட்டப் புத்தகத்தில் உள்ள பெயர் 'சட்டவிரோதக் குடியேறி'. அவருடைய பாட்டனார் முன்பணம் வாங்கிக்கொண்டு புறப்பட்ட ஊர் அந்த முகாமிலிருந்து பஸ்ஸில் சில மணி நேரப் பயணம்.

போன ஞாயிற்றுக்கிழமை முகாமுக்குப் போயிருந்தேன். ஆட்சியருக்கு மறுபடியும் ஒரு மனு எழுத வேண்டும், நீதான் பத்திரிகைக்காரனாயிற்றே என்று அத்தை கூப்பிட்டிருந்தார். சுவரோரம் பாயில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். 'இலங்கை அகதியாகிய நான்' என்று எழுதியதும் நிறுத்தச் சொன்னார். 'தாயகம் திரும்பிய' என்று போடலாமா என்று கேட்டேன். திரும்புவதற்குத்தான் விடவில்லையே என்றார். 'இந்திய வம்சாவளி' என்று போட்டால் அலுவலகத்தில் புரிந்துகொள்வார்கள் என்றேன். அதைக் கடைசியில் போட்டுக்கொள், முதலில் நான் சொல்வதை எழுது என்றார்.

தோட்டத்தின் பெயரைச் சொன்னார். டிவிஷன் சொன்னார். லயத்தின் எண், காம்பராவின் எண். கண்டித் தூதரகத்தில் தகப்பனார் விண்ணப்பம் கொடுத்த வருடம். தாயார் கொழுந்து பறித்த மலையின் பெயர். நான் வேகமாக எழுதிக்கொண்டு வந்தேன். லயத்துக்குப் பின்னால் தண்ணீர் கொட்டும் ஒரு பீலி இருந்தது, கோடையிலும் தண்ணீர் நிற்காது, அதையும் எழுது என்றார். ஆட்சியர் அலுவலகத்துக்கு அது எதற்கு அத்தை என்று வாய் வரை வந்தது.

எழுதினேன்.